கேஷானியின் வலத் தோள்

கத்திக் கத்தியே சுகிர்தாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை.

"ஸிபான், நீ என்ன பஸ்ஸுக்கா நிக்கிற? ரெண்டு கால்லயும் நில்லு."

ஸிபான் இரண்டு கால்களிலும் நின்றான். அவனைப் பார்த்து முடிப்பதற்குள் ஜன்னலோரம் நின்ற இரட்டைப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். அவர்களை நிமிர்த்திவிட்டுத் திரும்பினால் ஸிபானின் வயிறு முன்னால் தள்ளியிருந்தது. வயலினின் தலை தரையைப் பார்த்தது. வில் நழுவிப்போய் விரல் வைக்கிற பலகைக்கு மேலே உரசிக்கொண்டிருந்தது. சத்தம் காற்றுப் போன டயர் மாதிரி வந்தது.

கட்டுகஸ்தோட்டையில், பளீல் ஹாஜியாரின் பீங்கான் கடைக்கு மேலே இருக்கிற அந்தப் பலகைத் தளம் போட்ட அறையில், சனிக்கிழமை தோறும் ஏழு பிள்ளைகள் அவளிடம் வயலின் படித்தார்கள். கிழமை நாட்களில் அவள் கம்பளையில் ஒரு பாடசாலையில் சங்கீத டீச்சர். சனிக்கிழமையானால் விடியவே புறப்பட்டு, கண்டியில் பஸ் மாறி, வயலின் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டே வந்து சேருவாள்.

பிள்ளைகள் ஒழுங்காக நிற்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஏன் அத்தனை பிடிவாதம் என்று பெற்றோருக்கு விளங்கவில்லை. "கச்சேரியில எல்லாம் உக்காந்துதானே மிஸ் வாசிக்கிறாங்க? புள்ளைங்கள ஏன் கால் கடுக்க நிக்க வைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். இது மேல்நாட்டு முறை, நவம்பரில் வருகிற பரீட்சையிலும் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்று அவள் விளக்குவாள். தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த கிழமை இன்னொருவர் அதையே கேட்பார்.

சுகிர்தா சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. இருபத்தேழு வயதில் கொழும்பில் ஓர் இசைக்குழுவில் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, கழுத்திலிருந்து இடதுகை விரல் நுனி வரைக்கும் மரத்துப்போகத் தொடங்கியது. சின்ன வயதில் யாரும் திருத்தாமல் விட்ட கோணல் நிலைதான் காரணம் என்றார்கள். வைத்தியம் பார்த்துக் கை சுகமாவதற்குள் குழுவில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். தன்னிடம் படிக்கிற ஒரு பிள்ளைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நினைத்தது எங்கே நடந்தது? பழைய கலண்டர் அட்டையில் பாதங்களை வெட்டித் தரையில் ஒட்டினாள். தோள் அகலத்துக்கு இரண்டு பாதம், இடது பாதம் மட்டும் கொஞ்சம் வெளியே திரும்பி. பிள்ளைகள் ஆசையோடு அதில் ஏறி நின்றார்கள். பாதம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. கணுக்காலுக்கு மேலே எல்லாம் அவரவர் இஷ்டம்.

முழங்காலை இறுக்காமல் இருக்கப் பழகட்டும் என்று ஒரே இடத்தில் நின்று கால் மாற்றி நடக்க வைத்தாள். ஏழு பிள்ளைகள், பலகைத் தரை. பளீல் ஹாஜியார் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்.

"என்னா டீச்சர், மேல யானையா வளக்கிறீங்க? கீழ கோப்பயெல்லாம் கிலுங்குது. வந்த கஸ்டமர் பூமி அதிர்ச்சி எண்டு சொல்லி வெளிய போறாங்க."

"ரெண்டே ரெண்டு நிமிஷம் ஹாஜியார். பிள்ளைங்களுக்கு நிக்கப் பழக்குறேன்."

ஹாஜியார் பிள்ளைகளை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கத் தெரியாதா இதுகளுக்கு? எல்லாம் நிண்டுக்கிட்டுத்தானே ஈக்கி!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இதையெல்லாம் சுகிர்தா பொறுத்துக்கொண்டாள். அவளைப் போட்டு வாட்டியது கேஷானிதான்.

கேஷானிக்குப் பன்னிரண்டு வயது. ஏழு பேரில் அவளுக்குத்தான் நல்ல காது. ஒருமுறை கேட்டதை மறுமுறை சுருதி பிசகாமல் எடுத்துவிடுவாள். ஆனால் அவள் வலத் தோள் இறங்க மாட்டேன் என்றது. வில் பிடிக்கிற கையை ஏதோ சுமை தூக்குகிறவள் மாதிரி உயர்த்திக்கொண்டே நின்றாள். தோள் உயர்ந்தால் கை இறுகும், கை இறுகினால் வில்லை நுனிவரை நீளமாக இழுக்க வராது. சுகிர்தா தோளை மெதுவாக அமுக்கினாள். தோள் இறங்கியது, இடுப்பு ஒரு பக்கம் வெளியே வந்தது. இடுப்பைத் திருத்தினால் தலை சாய்ந்தது. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கிளம்பியது.

வயலினுக்கு அடியில் தோளில் பொருந்துகிற ஷோல்டர் ரெஸ்ட்டை மாற்றிப் பார்த்தாள். அதன் கீழே ஸ்பொஞ்சு வைத்துப் பார்த்தாள். நோட்ஸ் வைக்கிற ஸ்டாண்டை உயர்த்தினாள், தாழ்த்தினாள். கடைசியில் தன் வீட்டு அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றி, கம்பளையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தாள். கொண்டக்டர் கண்ணாடிக்கும் ஒரு டிக்கெட் போடுவேன் என்று முறைத்தான்.

கண்ணாடி முன்னால் கேஷானியை நிறுத்தினாள். "இப்ப பாரு. நேரா நில்லு."

கேஷானி பார்த்தாள். "நேராத்தான் மிஸ் நிக்கிறேன்."

"இதுவா நேரா நிக்கிறது? அந்தத் தோளப் பாரு."

பிள்ளை தோளை இறக்கினாள். நாலு வரி வாசிப்பதற்குள் அது மறுபடி ஏறிக்கொண்டது.

"வீட்டுல கண்ணாடிக்கு முன்னால நின்னு பழகுறியா, இல்லியா?"

"டெய்லி பழகுறேன் மிஸ்."

"பொய் சொல்லாத கேஷானி. பழகியிருந்தா இப்படி வருமா?"

கேஷானியின் கண் நிறைந்தது. ஆனால் அழவில்லை. வயலினை மறுபடி தூக்கி வைத்துக்கொண்டு, அதே கோணலான தோளோடு, அதே வரியை முதலிலிருந்து வாசித்தாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அதுதான் சுகிர்தாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு, சொன்னால் விளங்காதா?

ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை, எல்லோரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள் என்று வயலின்களைக் கீழே வைக்கச் சொன்னாள். "துணிப் பொம்ம மாதிரி முன்னால தொங்குங்க. கையத் தளர விடுங்க. தலயையும் விடுங்க." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். ஸிபான் தலைகீழாகத் தொங்கியபடி யானை மாதிரிப் பிளிறினான். அவனை அதட்டுவதற்காகச் சுகிர்தா வரிசைக்குப் பின்னால் போனாள். கேஷானியின் பின்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

மற்றப் பிள்ளைகளின் முதுகெல்லாம் சமமாக இருந்தன. கேஷானியின் முதுகு சட்டைக்குள்ளே வலப் பக்கம் மட்டும் மேடாகக் கிளம்பியிருந்தது. இடப் பக்கம் தாழ்ந்து கிடந்தது. முதலில் சட்டை சுருண்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள். இழுத்துவிட்டாள். மேடு அப்படியே இருந்தது. "எழும்பி இன்னொரு தரம் குனி" என்றாள். மறுபடியும் அதேதான்.

அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் அவள் யாரையும் திருத்தவில்லை. பிள்ளைகள் வேண்டியபடி நின்று வாசித்தார்கள்.

ஸிபானின் உம்மா அனீஸா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஃபிசியோதெரபிஸ்ட். மகனைக் கூட்டிப்போக வந்தவளைச் சுகிர்தா ஓரமாக அழைத்து, கண்டதைச் சொன்னாள். அனீஸா கேஷானியைக் கூப்பிட்டு, விளையாட்டுப்போல ஒருமுறை குனியச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை போன பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உடுப்புக்கு மேலால பாத்து நான் ஒண்டும் சொல்ல ஏலா டீச்சர். ஆனா கட்டாயம் டொக்டர்ட்ட காட்டணும். எக்ஸ்ரே எடுக்கணும். முள்ளந்தண்டு வளையுற மாதிரிதான் தெரியுது. இந்த வயசுல பொம்புளப் புள்ளைகளுக்கு வாறதுதான். புள்ள சடசடண்டு வளர்ற நேரம், வளைவும் அதோட சேந்து கூடிடும். லேட்டாக்க வாணாம்."

"நிக்கிறது பிழையானதால வந்ததா?"

"இல்ல டீச்சர். இதாலதான் அவக்கு அப்படி நிக்க வருது."

சுகிர்தாவுக்கு முகம் சூடேறியது. ஒரு வருஷமாக அந்தத் தோளை அமுக்கியிருக்கிறாள். பிள்ளையைப் பொய் சொல்கிறாள் என்றும் சொல்லியாயிற்று.

அடுத்த சனிக்கிழமை வரும்படி கேஷானியின் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். வந்தது அப்பா தனபாலன். அதே வீதியில், இரண்டு பஸ் ஹோல்ட் முன்னால், அவருக்கு ஒரு பேக்கரி இருந்தது. கையில் மாவு காயாமலே வந்திருந்தார். சுகிர்தா மெதுவாக, பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க மிஸ். எங்க புள்ள பொறந்ததுலேர்ந்து நல்லாத்தான் இருந்தா. எப்ப வயலின் புடிக்க ஆரம்பிச்சாளோ அப்பத்தான் கோணினா. நீங்கதானே ஒரு பக்கமா கழுத்தச் சாய்ச்சுப் புடிக்கச் சொன்னீங்க?"

"கழுத்த சாய்க்கச் சொல்லி நான் சொல்லவே மாட்டேன் ஐயா. வயலினால இது வர்றதில்ல. டொக்டர்கிட்ட ஒருக்காக் காட்டினா..."

"டொக்டர்கிட்டக் காட்டி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி, நாளைக்கி ஊரெல்லாம் தனபாலன் மவளுக்குக் கூனு விழுந்திருச்சின்னு பேசணுமா? பொம்பளப் புள்ள மிஸ் அது."

"கூனுன்னு நான் சொல்லலியே."

"வேற எப்படிச் சொல்றது அத?"

கேஷானி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுகிர்தா அதைக் கண்டாள், ஆனால் பேச்சை நிறுத்த முடியவில்லை. வளர்கிற வயது, தாமதித்தால் கூடும், எக்ஸ்ரேயில் வலியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே வகுப்பில் கத்துகிற குரல் மாதிரிக் கேட்டது. தனபாலன் மகளின் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"வயலின நிப்பாட்டினா எல்லாம் தானா சரியாயிரும்" என்றார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை கேஷானி வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை இரட்டைப் பிள்ளைகளும் வரவில்லை. அவர்களின் அம்மா வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "மிஸ், தப்பா நெனக்காதீங்க. வயலின் பழகினா முதுகு வளையுதுன்னு கேள்விப்பட்டோம். புள்ளைங்கள கீபோர்டுக்குப் போடலாம்னு இருக்கோம்."

சுகிர்தா அதைக் கண்டி பஸ் நிலையத்தில் நின்றபடி மூன்றுமுறை கேட்டாள். பிறகு ஃபோனைப் பைக்குள் எறிந்தாள். நிமிர்ந்து நில்லுங்கள் என்று கத்தி ஓய்ந்தவளிடம் படித்தால் முதுகு வளைகிறதாம். யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

கேஷானியின் அம்மா கமலத்தின் நம்பர் இருந்தது. செய்தி அனுப்பினாள். எந்தக் கிளினிக், என்ன கிழமை, என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று அனீஸாவிடம் விசாரித்து விவரமாக அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். மறுபடி நீலக் கோடு.

"நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க டீச்சர்" என்றாள் அனீஸா. "அதுக்கு மேல அவங்கட புள்ள."

உண்மைதான். ஆனால் சனிக்கிழமை தோறும் பஸ் அந்தப் பேக்கரியைத் தாண்டும்போது சுகிர்தா குனிந்து ஜன்னலால் உள்ளே கேஷானி தெரிகிறாளா என்று தேடினாள். ஒருநாள் பொறுக்காமல் இறங்கிவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற தனபாலன் அவளைக் கண்டதும், வேலைக்கு நிற்கிற பெண்ணிடம் "மிஸ்ஸுக்கு என்ன வேணும்னு கேளு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். சுகிர்தா ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, அடுத்த பஸ்ஸில் இடம் கிடைக்காமல், கொளுத்துகிற வெயிலில் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் நடந்தாள். அன்றைக்குக் கிளாஸில் ஸிபானுக்கு விழுந்த ஏச்சில் பாதி தனபாலனுக்குரியது.

ஒக்டோபரில் ஒரு நாள் பாடசாலையில் அரை நாள் லீவு போட்டாள். கண்டிக்கு வந்து, கேஷானி படிக்கிற பாடசாலைக் கேட்டுக்கு முன்னால், வேன்களுக்கு நடுவில் நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் விடுவதற்குச் சற்று முன்னால் கமலம் குடையோடு வந்தாள். சுகிர்தாவைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனது.

"மிஸ், அவரு அறிஞ்சா என்னயத்தான் ஏசுவாரு."

"ஏசட்டும். என்னையும்தான் ஏசினாரு. வயலின் வேணாம். நான் வயலினுக்காக வரல. பிள்ளைய யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

கமலம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குடையை அவள் பக்கமும் பிடித்தாள். "நாட்டு வைத்தியம் பாக்கிற ஒரு வெதமாத்தயாகிட்ட கூட்டிட்டுப் போறோம். எண்ண தேய்ச்சு உருவி விடுறாங்க. வயலின நிப்பாட்டினதுக்கு அப்புறம் கொஞ்சம் நேரா வந்த மாதிரித்தான் இருக்கு மிஸ்."

"நேரா வந்ததப் பாத்தீங்களா?"

"அவரு சொன்னாரு."

"அந்த வெதமாத்தயாவா?"

"இல்ல, வீட்டுக்காரரு."

சுகிர்தாவுக்குச் சுர்ரென்று வந்தது. அடக்கிக்கொண்டாள். "எண்ணெய் தேய்க்கயில நீங்க பக்கத்துல இருக்கீங்கதானே?"

"அங்க ஒரு அம்மா இருக்காங்க, அவங்கதான் தேய்ப்பாங்க. நான் வெளிய இருப்பேன்."

"அப்ப நீங்க கடைசியா அவ முதுக எப்ப பாத்தீங்க?"

கமலம் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். யோசித்தாள். மழை குடையிலிருந்து இருவர் தோளிலும் ஒழுகியது.

"பெரிய புள்ளையானதுக்கு அப்புறம் அவளேதான் குளிச்சுக்கிறா" என்றாள் மெதுவாக. "கதவப் பூட்டிக்கிறா. உடுப்பு மாத்துறதும் அப்படித்தான். தண்ணி வாத்த அன்னைக்கிப் பாத்தது. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் மிஸ்."

"இன்னைக்கிப் பாருங்க. சட்டயக் கழட்டிட்டு, ரெண்டு கையையும் சேத்து முன்னால குனியச் சொல்லுங்க. நீங்க பின்னால நின்னு பாருங்க. என்ன நம்ப வேணாம். அவரையும் நம்ப வேணாம். உங்க கண்ண நம்புங்க."

மணி அடித்தது. வெள்ளைச் சீருடைகள் கேட்டை நிறைத்தன. கூட்டத்தில் கேஷானியைச் சுகிர்தா உடனே கண்டுகொண்டாள். புத்தகப் பை ஒரு தோளில் சரியாமல் நின்றது, மறு தோளில் நழுவிக்கொண்டே இருந்தது. பிள்ளை மிஸ்ஸைக் கண்டு சிரிக்கப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். சுகிர்தா கிட்டப் போகாமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை, அவள் கம்பளையில் ஆறாம் வகுப்புக்குள் நின்றபோது ஃபோன் அடித்தது. கமலம்.

"பாத்தேன் மிஸ்" என்றாள். பிறகு, "எந்தக் கிளினிக்குன்னு மறுபடி சொல்லுங்க. நீங்க அனுப்பினத அவரு அழிச்சிட்டாரு."

அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கமலம் மகளைக் கூட்டிவந்தாள். சுகிர்தாவும் கூடப் போனாள். பெரியாஸ்பத்திரியில் எலும்புக் கிளினிக்கின் வாங்கில் உட்கார்ந்து காலை முழுக்கக் காத்திருந்தார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து டொக்டர் காட்டினார். நேராக இறங்க வேண்டிய முள்ளந்தண்டு, மகியங்கனை மலைப் பாதை மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபடி உள்ளே திரும்பியிருந்தது. கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வயலின் வாசிச்சதாலயா டொக்டர்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"இல்லை" என்றார் டொக்டர். இப்படிக் காரணம் தெரியாமலே வருவது உண்டு என்றார். அளவெடுத்து ஒரு பெல்ட் செய்து, வளர்ச்சி நிற்கும் வரை பகலும் இரவும் போட வேண்டும். பெல்ட் இருக்கிற வளைவை நிமிர்த்தாது, கூடாமல் பிடித்து வைக்கும். இன்னும் முன்னாடியே வந்திருந்தால் நல்லது என்றார், ஃபைலில் எழுதிக்கொண்டே.

வெளியே வந்ததும் சுகிர்தாவுக்கு வந்தது ஆறுதலில்லை, ஆத்திரம்தான். ஓகஸ்ட்டிலிருந்து வீணாகப் போன நாட்களின் மேல், எண்ணெயின் மேல், தனபாலனின் மேல். அவற்றுக்கெல்லாம் முன்னால், கண்ணாடி தூக்கி வந்து காட்டியும் தானே கவனிக்காமல் விட்ட ஒரு முழு வருஷத்தின் மேல். கேஷானிதான் அவள் கையைத் தொட்டாள்.

"மிஸ், அப்ப நான் வேணும்னு அப்படி நிக்கலதானே?"

"இல்லம்மா. நீ பொய்யும் சொல்லல."

அன்று பின்னேரமே, விஷயம் அறிந்து, தனபாலன் அவளுக்கு ஃபோன் எடுத்தார். "என் வீட்டுப் புள்ளைய எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நீங்க யாரு மிஸ்?"

மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்த மெதுவான வார்த்தைகள் ஒன்றுகூட அவள் வாய்க்கு வரவில்லை. "நான் யாரும் இல்ல" என்று கத்தினாள். "நீங்க யாரு? அப்பாதானே? எக்ஸ்ரேயப் பாத்தீங்களா? பாத்துட்டு வந்து என்ன ஏசுங்க, எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க, நான் கேட்டுக்கிறேன். ஆனா வியாழக்கிழமை பெல்ட்டுக்கு அளவெடுக்கணும். அதுக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க."

எதிர்ப்பக்கம் பேக்கரியில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு லைன் அறுந்தது. வியாழக்கிழமை அவரே வேனில் கூட்டிப்போனதாகக் கமலம் பிறகு சொன்னாள்.

நவம்பர்ப் பரீட்சை கேஷானி இல்லாமலே முடிந்தது. ஸிபான் எப்படியோ பாஸாகிவிட்டான். தைப்பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, கேஷானி வயலின் பெட்டியோடு படியேறி வந்தாள். வயலினால் இல்லை என்று டொக்டரே சொன்ன பிறகு அப்பா தடுக்கவில்லையாம். சட்டைக்குள்ளே அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். நடக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். ஸிபான் விரலால் தட்டிப் பார்த்து, "கவசம்!" என்றான். கேஷானி சிரித்தாள். சுகிர்தா நிம்மதியாக மூச்சு விட்டாள். இனி எல்லாம் சரியாகும் என்றுகூட நினைத்தாள்.

ஒன்றும் சரியாகவில்லை. பெல்ட்டின் மேல் விளிம்பு கையிடுக்கில் இடித்தது. வில்லை நுனி வரை இழுத்தால் வலித்தது. உடம்பு திரும்பவில்லை, மூச்சை உள்ளே இழுக்க இடமில்லை. சுகிர்தா தனக்குத் தெரிந்த நிற்கிற பாடம் முழுவதையும் மறுபடி சொல்லிப் பார்த்தாள். கால் தோள் அகலம். முழங்கால் தளர்வு. இடுப்பு மேலே பாரம் சமம். பெல்ட் போட்ட உடம்புக்கு அந்தப் பாடத்தில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. மூன்றாம் கிழமை கேஷானி வயலினை மேசையில் வைத்துவிட்டாள், வைத்தாள் என்பதைவிடப் போட்டாள்.

"என்னால முடியாது மிஸ். மரக்கட்டைய நிக்க வெச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு. அப்படி நின்னாலும் பிழை, இப்படி நின்னாலும் பிழை. எப்படி நிக்கிறது சரின்னு நீங்களே சொல்லுங்க."

பிள்ளைகள் எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது கேஷானி" என்றாள் சுகிர்தா.

அவளுக்கே அது புதிதாக இருந்தது. பிள்ளைகளின் முன்னால் அவள் அப்படிச் சொன்னதில்லை. தரையில் ஒட்டியிருந்த அட்டைப் பாதங்களில் கேஷானியுடையதை உரித்து எடுத்தாள். "கண்ண மூடிக்க. 'ஏ' தந்தியில ஒரே ஒரு நீட்டு வில். சத்தம் எங்க நல்லா வருதோ அது வரைக்கும் காலை எங்க வேணும்னாலும் வெச்சுப் பாரு. நான் பாக்க மாட்டேன், கேக்க மட்டும் செய்றேன்."

சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பின்னால் வில் கரகரத்தது, நின்றது, மறுபடி தொடங்கியது. வெகுநேரம் ஒன்றும் நல்லதாக வரவில்லை. கேஷானி முணுமுணுத்தாள், ஒருமுறை காலால் தரையை உதைத்தாள். சுகிர்தா திரும்பவில்லை. பிறகு ஒரு தடவை, நடுவிலிருந்து முக்கால் வில் வரைக்கும், ஏ தந்தி தெளிவாக, தடையில்லாமல் ஒலித்தது. நுனிக்குப் போனதும் மறுபடி கரகரத்தது.

"அந்த எடம்!" என்றாள் சுகிர்தா. "அசையாத." திரும்பிப் பார்த்தாள். கேஷானி வலது காலைப் பின்னுக்குத் தள்ளி, கால்களை நன்றாக அகட்டி, தோணி ஓட்டுகிறவள் மாதிரி நின்றிருந்தாள். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு நிலை இல்லை. சுகிர்தாவின் கை தானாகத் திருத்தப் போனது. பாதி வழியில் இழுத்துக்கொண்டாள்.

அந்த முக்கால் வில்லை முழு வில்லாக்க அவர்களுக்குச் சித்திரை வருஷப் பிறப்பு வரை பிடித்தது. இடையில் இரண்டுமுறை கேஷானி இனி வரமாட்டேன் என்று அழுதாள். ஒருமுறை சுகிர்தாவே இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள்.

ஜூனில் மறு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை சுகிர்தாவுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. பேக்கரியைத் தாண்டியபோது, தனபாலன் வீதியோரத்தில் நின்று கையைக் காட்டி பஸ்ஸை மறித்தார். கொண்டக்டர் ஏறுங்க, ஏறுங்க என்று கத்தினான். அவர் ஏறவில்லை, ஜன்னலருகே வந்தார்.

"மிஸ், கூடலையாம்" என்றார். "இருந்த மாதிரியே இருக்காம். அப்படியே புடிச்சு வெச்சிருக்காம்."

"அப்படியா" என்றாள். மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். ஏசியதற்கு ஒரு வார்த்தை, இரட்டைப் பிள்ளைகள் போனதற்கு ஒரு வார்த்தை. அவர் கடதாசிப் பையொன்றை ஜன்னலுக்குள் நீட்டினார். உள்ளே சூடாக, முதலை வடிவத்தில் சீனி தூவிய இரண்டு கிம்புலா பணிஸ்.

வேண்டாம் என்று சொல்லத்தான் சுகிர்தா வாயெடுத்தாள். அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது, பை அவள் மடியில் கிடந்தது. இந்த மனிதனுக்கு ஒரு மன்னிப்புக் கேட்கக்கூட வராது என்று பொருமினாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் புறப்பட்டது ஞாபகம் வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள், சீனி உதட்டில் ஒட்டியது.

மேல்மாடிக் கதவைத் திறந்தபோது பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸிபான் முழுசாகப் படுத்தே இருந்தான்.

"எழும்புங்க" என்றாள் சுகிர்தா.